சிறப்பிதழ் வேண்டுவோர் செய்யத் தக்கன
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

வேங்கடத்துத் தமிழ்க் கல்வெட்டுகளைப் பற்றி ஆராய்ச்சி இதழ் ஒன்று சிறப்பிதழ் வெளியிடல் வேண்டும் என்று நம் செயற்குழு விரும்புகிறது. அத்தகைய இதழ் எங்ஙனம் உருவாகிறது, அதனை வேண்டுவோர் என்ன செய்தல் வேண்டும் என்பவற்றை எளிய முறையில் எடுத்துரைக்குமாறு எம்மைப் பணித்தனர். யாம் மெட்ரிகுலேஷன் தேறிய இருப்புப்பாதை எழுத்தர், ஆராய்ச்சியாளர் அல்லேம். ஆயினும் விண்ணப்பம் வரைவதும், அது எந்த மேசையில் உறங்குகிறது என்று தேடிச் செல்வதும் எம் அன்றாடத் தொழில் ஆகலின், இப்பணிக்கு இசைந்தோம்.

வேங்கடம் தமிழகத்தின் வட எல்லை என்று தொல்காப்பியப் பாயிரம் வகுத்தது யாவரும் அறிந்ததே. 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இவையெல்லாம் அரசியல் வரலாறு. ஈண்டு அவற்றை விரிக்கப் போவதில்லை. எல்லைக்கல் எங்கே நடப்பட்டாலும் கோயிற் சுவரில் வெட்டிய எழுத்து இடம் பெயரவில்லை. திருமலையிலும் கீழ்த்திருப்பதியிலும் திருச்சானூரிலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழ். விசயநகர மன்னர் ஆண்ட காலத்தும் கொடைச் செய்திகள் பெரும்பான்மை தமிழிலேயே பொறிக்கப்பட்டன. சாது சுப்பிரமணிய சாஸ்திரி அவர்கள் இவற்றைப் பற்றி எழுதிய அறிக்கையை 1930-இலும், கல்வெட்டுத் தொகுதிகளை 1931 முதலாகவும் தேவஸ்தானம் அச்சிட்டு உதவியது.

அக்கல்வெட்டுகளில் என்னதான் இருக்கிறது என்று நம் இளைஞர் கேட்கின்றனர். மன்னர் புகழ் மட்டுமே இருக்குமாயின் யாமும் இத்துணை ஆவல் கொள்ளோம். கணக்கு இருக்கிறது! ஒருவர் இத்தனை நற்பணம் கோயிற் பண்டாரத்தில் கட்டுகிறார். அப்பணம் கோயிலூர்களின் ஏரி கால்வாய்களைத் திருத்துவதில் இடப்படுகிறது. திருத்திய நீரால் விளையும் மிகுதியிலிருந்து நாள்தோறும் திருப்போனகமோ, திருநாள்தோறும் அதிரசப்படியோ நடக்கிறது. நிவேதித்த பிரசாதத்தில் நாலில் ஒன்று கொடுத்தவருக்கு உரியது. அதற்கு ‘விட்டவன் விழுக்காடு’ என்று பெயர். அரிசி இத்தனை மரக்கால், நெய் இத்தனை நாழி, பயறு இத்தனை, மிளகு இத்தனை, சந்தனம் இத்தனை, பாக்கு வெற்றிலை இத்தனை என்று வரிசையாக வரும். எம்மைப் போன்ற எழுத்தருக்கு இதனைப் படிக்கும்போது உண்டாகும் மகிழ்ச்சி பிறருக்கு விளங்குமோ, அறியோம். எந்தக் கணக்குத் தணிக்கையாளரும் குறை கூற இயலாத பதிவேடு அது.

இவ்வச்சுத் தொகுதிகளைக் கொண்டு அமெரிக்க அறிஞர் பர்ட்டன் ஸ்டெயின் ஒரு கட்டுரை எழுதினார். இடைக்காலத் தென்னிந்தியக் கோயில் ஒன்று நாட்டின் பொருளாதாரத்தில் ஆற்றிய தொண்டு என்ன என்பது அதன் பொருள். 1960-இல் ஆசிய ஆய்வுக்கான அமெரிக்க இதழ் ஒன்றில் அது வெளிவந்தது. கோயில் என்பது வழிபாட்டிடம் மட்டுமன்று, நீர்ப்பாசனத்தில் முதலிட்டு வேளாண்மையை வளர்த்த நிறுவனமும் ஆகும் என்னும் கருத்து அதனால் உலகெங்கும் பரவியது. நம் வீட்டு வாசலில் உள்ள ஏரிக்கணக்கைச் சிகாகோவில் பயின்ற ஒருவர் எடுத்துக் காட்டினார். நல்லதே. ஆயினும், அத்தொகுதிகளைத் தமிழிலேயே படிக்கக் கூடிய நாம் என்ன செய்தோம் என்னும் வினா எழாமற் போகாது.

இன்னொன்றும் கூறுதல் வேண்டும். 2008-இல் திருமலைக் கோயிலின் சுவர்களுக்குப் பொற்றகடு வேய்வதற்கு ஒரு திட்டம் எழுந்தது. சுவரிலுள்ள கல்வெட்டுகள் மறைந்தும் சிதைந்தும் போகுமென்று வரலாற்றறிஞரும் அன்பரும் அஞ்சினர், வழக்கு நடந்தது, 2010-இல் ஆந்திரப் பிரதேச உயர்நீதிமன்றம் அத்திட்டத்தைத் தள்ளியது. கல்வெட்டின் அருமையை எடுத்துரைக்க ஆள் இருந்தமையால் அன்று அது பிழைத்தது. நம் பிள்ளைகள் தெலுங்கும் ஆங்கிலமும் பயில்கின்றனர், அதில் குறையில்லை. ஆனால் தமிழ் எழுத்தையே அறியாதார் பெருகிய பின்னர், சுவருக்காகப் பேசுவார் யார்?

இனிச் சிறப்பிதழ் என்பது யாது எனக் காண்போம். ஆராய்ச்சி இதழ் ஒவ்வொன்றுக்கும் நிலையான ஆசிரியர் உண்டு. பல துறைக் கட்டுரைகளையும் கலந்து வெளியிடுவது அதன் வழக்கம். ஒரே பொருளுக்கென்று ஓரிதழை ஒதுக்கி, அதனை நடத்தும் பொறுப்பை அப்பொருளில் வல்ல வெளியார் ஒருவரிடமோ இருவரிடமோ ஒப்படைப்பதே சிறப்பிதழ். அவ்வெளியாரை விருந்தாசிரியர் என்பர். நம் தொழிலில் வைத்துச் சொல்வதாயின், இது ஸ்பெஷல் வண்டி விடுவதை ஒக்கும். தண்டவாளமும் சிக்னலும் ஸ்டேஷனும் முன்னமே உள்ளன. கண்ட்ரோல் அலுவலகம் பாதை கொடுத்தல் வேண்டும். பெட்டியும் எஞ்சினும் கார்டும் அமைதல் வேண்டும். வழக்கமான வண்டிகள் அதனால் தாமதம் அடைதல் கூடாது. விருந்தாசிரியர் அவ்வண்டியின் கார்டு போன்றவர். சிக்னலைத் தம் விருப்பம்போல் மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை.

தமிழாராய்ச்சியில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. தனிநாயக அடிகள் 1952-இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கில முத்திங்களிதழைத் தொடங்கினார். 1964 சனவரியில் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. அதன் சார்பில் 1969-இல் தமிழாய்வு இதழ் ஒன்று ஆங்கிலத்தில் வெளிவரலாயிற்று. அவ்விதழின் 1970 மே வெளியீடு, மொகஞ்சதாரோ எழுத்துகளைப் படித்தறியும் முயற்சிக்கென்றே ஒதுக்கப்பட்டது. பின்லாந்து அறிஞர் குழுவினர் அதற்கு முந்திய ஆண்டுதான் தம் முடிவுகளை அறிவித்திருந்தனர். உருசியரும் அதே முயற்சியில் இருந்தனர். பொருள் சூடாக இருந்த வேளையில் இதழ் வந்தது என்பதைக் கருதுக. அதில் ஐராவதம் மகாதேவன் அவர்களின் கட்டுரை மட்டும் 120 பக்கம்! அவர் அன்று பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். இந்திய ஆட்சிப் பணி அதிகாரி. கோப்புகளுக்கு இடையே கல்வெட்டுப் படித்தவர். 1977-இல் சிந்துவெளி எழுத்துத் தொகுப்பையும், 2003-இல் பழந்தமிழ்க் கல்வெட்டுகள் பற்றிய பெருநூலையும் அளித்தவரும் அவரே. பட்டம் பெற்ற பேராசிரியர் மட்டுமே எழுதத் தக்கது ஆராய்ச்சி என்று நம்மில் சிலர் எண்ணித் தயங்குவதால் இதனைச் சற்று விரித்துக் கூறினோம்.

விண்ணப்பம் இரண்டு மூன்று பக்கம் போதும். பொருள் யாது, அதனை இப்பொழுது எடுப்பது ஏன், முன்னர் வந்த நூல்கள் எதனைக் கூறாது விட்டன, எழுத இசைந்தோர் யார், ஒவ்வொருவரும் எழுதப் போவதன் சுருக்கம் என்ன, எந்தத் திங்களில் எது முடியும் என்பன அதில் இருத்தல் வேண்டும். ‘தமிழின் பெருமையை உலகறியச் செய்வோம்’ என்று தொடங்கும் விண்ணப்பத்தை எந்த ஆசிரியரும் இரண்டாம் பத்திக்கு அப்பால் படியார். வினாவோடு தொடங்குக. எடுத்துக்காட்டாக, கல்வெட்டில் வரும் கால்வாய்கள் இன்று எவை என்று கேட்கலாம்.

பாதை கிடைத்த பின்னரே உண்மையான உழைப்பு. ஒவ்வொரு கட்டுரையையும் துறையறிந்த இருவர் மதிப்பிடுதல் வேண்டும். எழுதியவர் பெயர் மதிப்பிடுவோருக்குத் தெரியாது. மதிப்பிடுவோர் பெயர் எழுதியவருக்குத் தெரியாது. நம் இலாகாத் தேர்வில் விடைத்தாளில் பெயருக்கு மாற்றாக எண் இடுவதை நினைத்துக் கொள்க. பத்துப் பேர் இசைந்தால் அறுவர் காலத்தில் அனுப்புவர். இருவர் ஓராண்டு கழித்து அனுப்புவர். எஞ்சியோர் கடிதத்திற்கு மறுமொழியும் விடுக்கமாட்டார். நெடுநாள் நண்பரின் கட்டுரையைத் தள்ள நேரிடும். விருந்தாசிரியரே ஒரு கட்டுரை எழுதினால், அதன் முடிவை நிலையான ஆசிரியரிடம் விட்டுவிடல் வேண்டும். எல்லாம் முடிய ஒன்றரை ஆண்டேனும் செல்லும். இரண்டாண்டு ஆனாலும் வியப்பில்லை.

இப்பொழுது மின்னஞ்சலில் வேறு வகை அழைப்புகள் வருகின்றன. ‘தாங்கள் எம் சிறப்பிதழுக்கு விருந்தாசிரியராக இருக்க வேண்டும்’ என்று முன்பின் அறியாதவர் எழுதுவர். பின்னர்க் கட்டுரைக்கு இவ்வளவு டாலர் என்பர். இவையனைத்தும் போலி என்று கூறோம். ஆனால் ஹிந்தாவி என்னும் பதிப்பகத்தின் கதையை அறிந்து கொள்ளுதல் நன்று. வைலி நிறுவனத்தின் உடைமையாக இருந்த அதன் இதழ்களிலிருந்து 2023-ஆம் ஆண்டில் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை சிறப்பிதழ்களில் வந்தவை. விருந்தாசிரியர் என்ற பெயரில் புகுந்தோர் மதிப்பீட்டையே பொய்யாக்கியிருந்தனர். அப்பெயரையே வைலி கைவிட்டது. நல்ல எண்ணத்தோடு அவ்விதழ்களில் எழுதியவரும் அந்த இழிவில் பங்கு பெற்றனர் என்பது வருந்தத்தக்கது. ஆகவே பணம் கேட்கும் இதழின் பக்கமே நாம் செல்லலாகாது என்பது எம் கருத்து. செயற்குழுவில் இருவர் இதற்கு மாறாக எண்ணுகின்றனர். விரைவில் வெளிவரும் என்பது அவர்தம் வாதம். ஐந்நூறு ஆண்டு சுவரில் நின்ற எழுத்துக்கு இரண்டாண்டு பொறுத்தல் அரிதோ?

விருந்தாசிரியராக யாரை வேண்டுவது? சங்கத்தார் எவரும் அப்பதவியை விரும்பலாகாது. கல்வெட்டுத் தமிழில் பயின்ற அறிஞர் ஒருவரும், தெலுங்கு அறிஞர் ஒருவரும் இணைந்து இருத்தல் வேண்டும் என்று யாம் வற்புறுத்துவோம். கல்வெட்டு தமிழில் உள்ளதென்று எல்லைச் சண்டையை மீண்டும் கிளப்பும் கட்டுரை ஒன்று புகுந்தாலும் இதழாசிரியர் முழுவதையும் திருப்பிவிடுவார், திருப்புவதே முறை. நாம் அண்டை வீட்டாரோடு தண்ணீர்க் குழாயடியில் நாளை நிற்க வேண்டியவர்கள்.

சங்கத்தார் செய்யக் கூடிய பணி வேறு. கல்வெட்டில் வரும் ஊர்ப்பெயர், ஏரிப்பெயர்களை அச்சுத் தொகுதியிலிருந்து எடுத்து எழுதுதல். அவிலாலா போன்ற ஊர்களுக்கு நேரிற் சென்று, ஏரி உளதா, மடை உளதா, மனையாகிவிட்டதா என்று முதியோரைக் கேட்டுக் குறித்தல். தெலுங்கு மொழியில் அவர் சொல்லும் பெயரை அவ்வாறே பதிதல். இதற்குப் பட்டம் வேண்டா. ஞாயிற்றுக்கிழமையும் மிதிவண்டியும் போதும். ஆராய்ச்சி எழுதுவோருக்கு இக்குறிப்பு பெருந்துணை ஆகும். சுற்று வட்டாரத்தில் ஏரிகள் மனைகளாக மாறும் விரைவைக் கண்டால் இதனையேனும் முதலில் தொடங்குதல் நலம்.

விண்ணப்பத்தின் வரைவு இரண்டு பக்கம் எழுதிச் செயலாளர் அவர்களிடம் ஒப்படைத்துள்ளோம். வரும் இரண்டு ஞாயிறும் மாலை ஐந்து மணி முதல் நூலக அறையில் அது வைக்கப்பட்டிருக்கும். திருத்தம் காண்போர் ஓரத்தில் பென்சிலால் குறிக்கலாம். மையால் எழுத வேண்டா.