சங்கத்தின் நெறியாளர் சபைக்குப் போட்டியிட எண்ணும் கமக்காரருக்கு
(கமக்காரர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



உங்கள் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் சென்ற போகத்து நெல்லை வாங்கியதா, வாங்கியதாயின் பணம் எப்பொழுது கைக்கு வந்தது, சங்கக்கடையில் அரிசி நல்லதாயிருக்கின்றதா என்பன பற்றி வயல் வரம்பிலும் வாசிகசாலையிலும் நீங்கள் பேசாத நாளில்லை. சங்க அளவில் இவற்றைத் தீர்மானிப்பவர்கள் நெறியாளர் சபையினரே. அச்சபைக்கு ஆட்களைத் தெரியும் காலம் வரும்பொழுதோ, ‘அதில் எனக்குப் பழக்கமில்லை’ என்று ஒதுங்கி நிற்கின்றீர்கள். நீங்கள் ஒதுங்கிய கதிரை வெறுமையாய்க் கிடப்பதில்லை; வேறொருவர் வந்து அமர்ந்துவிடுகின்றார்.

இந்நாட்டில் முதலாவது கூட்டுறவுச் சட்டம் 1911ஆம் ஆண்டிற் பிறந்தது. கமக்காரனைக் கடன் தொல்லையினின்றும் மீட்பதே அக்காலத்து நோக்கம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உணவுப் பங்கீட்டின்பொருட்டு ஊர்தோறும் பண்டகசாலைச் சங்கங்கள் எழுந்தன. 1957ஆம் ஆண்டு முதல் பலநோக்குச் சங்கங்கள் தோன்றின. 1970களின் தொடக்கத்திற் சிறிய சங்கங்கள் பல ஒன்றாக இணைக்கப்பட்டன. இவ்விணைப்பினாற் சங்கங்களின் முதல் பெருகிற்று என்பது மெய். அங்கத்தவருக்கும் சபைக்கும் இடையிலுள்ள தூரமும் உடன் பெருகிற்று என்பதும் மெய். பெரிய சங்கங்களில் நீங்கள் நேரே நெறியாளரைத் தெரிவதில்லை. கிளை அங்கத்தவர் கூடிக் கிளைக்குழுவையும் பிரதிநிதிகளையும் தெரிகின்றனர். அப்பிரதிநிதிகள் பொதுச்சபையாய்க் கூடி நெறியாளரைத் தெரிகின்றனர். ஆதலாற் போட்டியிட விரும்புபவர் முதலிற் செல்லவேண்டிய இடம் தமது கிளைக் கூட்டமேயாகும். பத்துப் பேர் மாத்திரம் வரும் கூட்டம் அது. அந்தப் பத்துப் பேரின் தீர்மானமே பின்னர் முழுச் சங்கத்தையும் ஆளுகின்றது.

யார் போட்டியிடலாம் என்பதைச் சங்கத்தின் உபவிதிகள் கூறும். பங்குப்பணம் செலுத்தியிருத்தலும், சங்கக் கடனைத் தவணை கடத்தாதிருத்தலும் வழமையாக நோக்கப்படுவன. எத்தனை பங்குகள் வைத்திருப்பினும் ஒருவருக்கு ஒரு வாக்கே உண்டு. 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் ஏழைத் தொழிலாளர் 28 பேர் தொடங்கிய கடையிலிருந்து வந்த மரபு இது. சங்கக்கடைக்கு நாள்தோறும் செல்லும் பெண்களுக்கும் அதே வாக்கு, அதே உரிமை. தராசின் குறையை ஆண்களிலும் அவர்களே நன்கு அறிவர்.

‘கணக்குத் தெரியாதே’ என்பார்க்கு ஒன்று சொல்வேன். கமக்காரனுக்குத் தெரிந்த கணக்கே சபையில் மிகவும் வேண்டப்படுவது. சங்கம் 18 சதவீத ஈரமுள்ள நெல்லை 10,000 கிலோ வாங்கிற்று என்று வைத்துக்கொள்வோம். சேமிப்புக்காக அதனை 14 சதவீத ஈரத்திற்கு உலர்த்தினால் ஏறக்குறைய 9,535 கிலோவே மிஞ்சும். குறைந்த 465 கிலோவும் களவு போனதன்று. காற்றோடு போன நீர். இதனை அறியாத நெறியாளர் ஒரு குற்றமுமற்ற களஞ்சியப் பொறுப்பாளரைக் கள்வனென்று ஏசுவார். அவர் மனம் நொந்து வேலையை விட்டுப் போவார். அறிந்த நெறியாளரோ, களஞ்சியத்தில் 9,000 கிலோ மாத்திரமே இருப்பின், மிகுதி 535 கிலோவும் எங்கே என்று கேட்பார். உலர்த்திய பின்னரும் நிறை குறையவேயில்லை என்று ஏடு காட்டினால் அவர் இன்னும் கடுமையாகக் கேட்கவேண்டும். ஏனெனில் நெல்லோடு கல்லும் மண்ணும் சேர்ந்திருக்கலாம், அல்லது வாங்கும்பொழுது கமக்காரனின் நிறை வெட்டப்பட்டிருக்கலாம். இவ்வளவும் வயலிலும் களத்திலும் நீங்கள் கற்ற பாடமன்றோ? ஐந்தொகையின் ஏனைய பக்கங்களை ஓரிரு மாதங்களிற் பழகிக்கொள்ளலாம்.

தெரிவானபின் செய்யத்தகாதனவும் உண்டு. நெறியாளர் சங்கக்கடையின் முதலாளி அல்லர். நாளாந்த வேலையை முகாமையாளரிடம் விட்டு, அவர் சபையின் தீர்மானப்படி நடக்கின்றாரா என்று பார்த்தலே அவர் கடமை. கடைப் பணியாளரைத் தனியே அழைத்து ஏவுதல் கூடாது. உறவினரின் நியமனமோ, தாம் வாங்கும் கடனோ சபையில் வரும்பொழுது எழுந்து வெளியே செல்லவேண்டும். இதிலே வெட்கப்பட ஒன்றுமில்லை. சங்க விவகாரங்கள் சீர்கெட்டால், விசாரணையின் பின்னர் சபையைக் கலைக்கவும் சட்டம் இடந்தருகின்றது.

வாக்குக் கேட்கும்பொழுது, ‘பொருள் யாவற்றையும் விலை குறைப்பேன்’, ‘உமது மகனுக்கு வேலை தருவேன்’ என்று சொல்லாதீர்கள். விலையைத் தனியொருவர் குறைக்க முடியாது. வேலையோ உங்கள் சொத்தன்று. சபை எந்த நாளிற் கூடும், அறுவடைக்கு எத்தனை நாள் முன்னர் நெல் வாங்கும் பணத்தை ஒழுங்கு செய்யக் கேட்பீர்கள், எந்தக் கணக்கைக் கிளைக் கூட்டத்திற்குக் கொண்டுவந்து காட்டுவீர்கள் என்று மாத்திரம் கூறுங்கள். சொன்னதை எழுதியும் கொடுங்கள்.

வேட்பாளராக நிற்கும் எண்ணத்தை வெளியிடுவதற்கு முன்னர், உபவிதிப் பிரதியையும் இறுதியாக வந்த கணக்காய்வு அறிக்கையையும் பார்வையிட முகாமையாளரிடம் கேளுங்கள். கையிருப்புக் குறைவு, வரவேண்டிய கடன் என்னும் இரு தலைப்புகளையும் முந்திய ஆண்டின் தொகைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அறிக்கையைக் காட்ட மறுப்பாராயின், அடுத்த கிளைக் கூட்டத்தில் நீங்கள் எழுந்து பேசவேண்டிய முதலாவது விடயம் கிடைத்துவிட்டது.