கால் தரையில் எட்டுமா?



கர்நாடகத்தில் உள்ள ஊர் மைசூர். அங்கே 2017 ஜூன் மாதம் ஒரு திட்டம் தொடங்கியது. அதன் பெயர் 'ட்ரின் ட்ரின்'. தொடக்கத்தில் 48 நிலையங்கள். 450 வாடகைச் சைக்கிள்கள். ஒரு நிலையத்தில் எடுத்தார்கள். இன்னொரு நிலையத்தில் விட்டார்கள்.

பொதுச் சைக்கிளை எல்லோரும் எடுப்பார்கள். உயரமானவர் எடுப்பார். குள்ளமானவரும் எடுப்பார். ஏறும் முன்பு எல்லோருக்கும் ஒரே கேள்வி. கால் தரையில் எட்டுமா?

சீட்டை இறக்கினால் கால் எட்டும். விழுவோம் என்ற பயம் குறையும். ஆனால் மிதிக்கும்போது முழங்கால் அதிகம் மடங்கும். தூரம் போனால் வலிக்கும். சீட்டை ஏற்றினால் மிதிப்பது சுலபம். ஆனால் நிறுத்தும்போது கால் எட்டாது. என்ன செய்வது?

இதற்கு வெளிநாட்டில் ஒரு வழி கண்டார்கள். சீட்டைத் தாழ்வாக வைத்தார்கள். மிதிக்கட்டையை நன்றாக முன்னால் தள்ளினார்கள். கால் முன்பக்கம் நீளும். முழங்கால் அதிகம் மடங்காது. அமெரிக்காவின் எலெக்ட்ரா கம்பெனி கொண்டுவந்த 'டவுனி' இந்த வகைதான்.

இதில் நாற்காலியில் இருப்பது போல நிமிர்ந்து உட்காரலாம். கையில் பாரம் விழாது. நிறுத்தினால் பாதம் முழுவதும் தரையில் பதியும்.

ஆனால் குறையும் உண்டு. மேட்டில் நாம் என்ன செய்வோம்? எழுந்து நின்று மிதிப்போம். உடம்பின் பாரம் மிதிக்கு உதவும். மிதி முன்னால் இருந்தால் எழுந்து நிற்பது கஷ்டம். மைசூரின் சாமுண்டி மலைச் சாலையில் இந்தச் சைக்கிள் திணறும்.

பள்ளம் வந்தாலும் சிரமம்தான். உடம்பின் பாரம் முழுவதும் சீட்டில் இருக்கும். அதிர்ச்சி இடுப்பில் இறங்கும். எதிர்காற்று நெஞ்சில் மோதும். சமமான சாலைக்கு இது சுகம். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் சாதாரணச் சைக்கிளே நல்லது.

சரி, நம் வீட்டுச் சைக்கிளுக்கு என்ன வழி?

பழகும் நாளில் சீட்டைத் தாழ்த்துங்கள். கால் ஊன்றிப் பழகுங்கள். பயம் போனதும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். அளவு பார்ப்பது சுலபம். ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் சீட்டில் உட்காருங்கள். மிதியைக் கீழே கொண்டுவாருங்கள். அதில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அதுவே சரியான உயரம். மிதிக்கும்போது முன்பாதத்தால் மிதியுங்கள். முழங்கால் லேசாக மட்டும் மடங்கும்.

பலர் முழங்கால் வலியால் சைக்கிளை மூலையில் சாத்திவிடுகிறார்கள். வயதாகிவிட்டது என்கிறார்கள். குறை காலில் இல்லாமல் இருக்கலாம். சீட்டில் இருக்கலாம். ஒரு ஸ்பானர் போதும். இன்றே ஏற்றிப் பாருங்கள்.