ஒலுவில் பல்கலைக்கழகம்: யார் எதற்குப் பொறுப்பு?

(உயர்தரப் பரீட்சை எழுதிய மாணவர்களுக்கும் பெற்றோருக்குமாக எமது நிதியத்தின் கல்விப் பிரிவு நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



அன்பான பெற்றோர்களே, பெறுபேற்றைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்தது என்ன என்று யோசிக்கும் பிள்ளைகளே,

ஒலுவில் கம்பஸைத் தெரியாதவர்கள் நம்மில் இல்லை. கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையே பஸ்ஸில் போகும்போதெல்லாம் அதைக் கடந்துதான் போகிறோம். ஆனால் அதை நடத்துவது யார், யாருக்கு என்ன அதிகாரம் என்பது பலருக்குத் தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு வருடமும் நிதியத்துக்கு வருகிறவர்கள் "யாரையாவது பிடித்து ஓர் இடம் எடுத்துத் தாருங்கள்" என்று கேட்கிறார்கள். இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் படித்த நமது பிள்ளைகளுக்குப் படிப்பைத் தொடர வழியில்லாமல் போனது. அந்த நெருக்கடியில்தான், மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்கள் அமைச்சராக இருந்தபோது எடுத்த முயற்சியால், 1995 ஒக்டோபரில் அட்டாளைச்சேனையில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. அடுத்த ஆண்டு மே மாதமே அது தென்கிழக்குப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்தது. பேராசிரியர் எம்.எல்.ஏ. காதர் அதன் முதல் உபவேந்தர். ஒலுவில் வளாகத்துக் கட்டடங்களுக்குக் குவைத் நிதியம் உதவியது.

இந்த வரலாற்றினால் "நம்மட கம்பஸ்" என்று சொல்கிறோம். அந்தப் பாசம் இருக்கட்டும். ஆனால் அது தேசியப் பல்கலைக்கழகம், பொதுப்பணத்தில் நடப்பது. சிங்கள, தமிழ்ப் பிள்ளைகள் பல மாவட்டங்களிலிருந்து வந்து அங்கே படிக்கிறார்கள். உங்கள் மகன் முதல் நாளே ஒரு சிங்களப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும். அது நல்லதுதான் என்பது எங்கள் அபிப்பிராயம்.

பீடங்கள் ஆறு: கலை கலாசாரம், முகாமைத்துவ வர்த்தகம், இஸ்லாமியக் கற்கைகள் அரபு மொழி, பொறியியல், தொழில்நுட்பம், பிரயோக விஞ்ஞானம். கடைசியாகச் சொன்னது ஒலுவிலில் இல்லை, சம்மாந்துறையில். தங்குமிடம் பார்ப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

இனி நிர்வாகம். வேந்தர் என்பது கௌரவப் பதவி. பட்டமளிப்பு விழாவில் தலைமை தாங்குவார். நடைமுறையில் தலைவர் உபவேந்தர்தான். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டப்படி, பேரவை சிபாரிசு செய்யும் மூன்று பேரில் ஒருவரை ஜனாதிபதி நியமிக்கிறார். பதவிக்காலம் 3 ஆண்டுகள். பணம், நியமனம், கட்டடம் போன்றவற்றைத் தீர்மானிப்பது பேரவை. பாடத்திட்டம், பரீட்சை, பட்டம் ஆகியவை மூதவையின் பொறுப்பு. இரண்டுக்கும் தலைவர் உபவேந்தர். ஒவ்வொரு பீடத்துக்கும் ஒரு பீடாதிபதி இருக்கிறார். பீடச் சபைதான் அவரைத் தெரிவு செய்கிறது. பதிவாளர் நிர்வாகத்தையும் நிதியாளர் கணக்கையும் பார்க்கிறார்கள்.

இவர்களில் எவருக்கும் இல்லாத அதிகாரம் ஒன்று உண்டு. உயர்தரப் பெறுபேற்றின் அடிப்படையில் பட்டப்படிப்புக்கு மாணவரைத் தெரிவு செய்வது உபவேந்தரல்ல, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. இஸட் புள்ளிதான் அதற்கு அடிப்படை. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் வரை மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உண்டு. ஆகவே அமைச்சரின் கடிதமோ, எங்கள் நிதியத்தின் கடிதமோ இஸட் புள்ளியைக் கூட்டாது. "இடம் எடுத்துத் தருகிறேன்" என்று யாராவது காசு கேட்டால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

உண்மையில் இடம் தவறுவது விண்ணப்பத்தில்தான். விருப்பத் தெரிவுகளை ஒழுங்காக நிரப்பாமல், தெரிந்த இரண்டு பாடநெறிகளை மட்டும் போட்டுவிட்டுப் போகிறார்கள். மகளுக்கு ஒலுவில் மட்டும் போதும், பேராதனையோ கொழும்போ வேண்டாம் என்று வாப்பா சொல்லிவிடுகிறார். பிள்ளை தகுதிபெறும் தெரிவுகளில் எது மேலே இருக்கிறதோ அதுதான் கிடைக்கும். பிடித்ததை முதலில் போட்டால் பின்னால் உள்ளவை கைநழுவிப் போகா. ஒலுவிலை அது கற்பிக்கும் பாடத்துக்காகத் தெரிவு செய்யுங்கள். வீட்டுக்குப் பக்கம் என்பது இரண்டாவது காரணமாக இருக்கட்டும்.

படிப்புக்குக் கட்டணம் இல்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்து மகாபொல அல்லது நிதியுதவி கிடைக்கும். இங்கே நிதியத்தால் உதவ முடியும்: வருமானச் சான்றிதழ், விண்ணப்பப் படிவம் நிரப்புவது, முதல் மாதச் செலவு.

பகிடிவதை பற்றி உம்மாமார் நிறையக் கேட்டீர்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி அது குற்றம். இரண்டு வருடம் வரையும், கடுங்காயமோ பாலியல் துன்புறுத்தலோ நேர்ந்தால் பத்து வருடம் வரையும் சிறை. பிள்ளை போனில் வழக்கத்தை விடக் குறைவாகப் பேசினால் விசாரியுங்கள். முதலில் மாணவர் ஆலோசகரிடம் போகலாம். அங்கே பயனில்லை என்றால் பீடாதிபதி, அதற்கு மேல் உபவேந்தர். மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் நேரடியாக முறையிடலாம். "சொன்னால் பிள்ளையின் படிப்புக் கெட்டுவிடும்" என்று பயந்து மூடி மறைப்பவர்களை நாங்கள் குறை கூறவில்லை. ஆனால் அந்த மௌனத்தை நம்பித்தான் அது நடக்கிறது.

ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூல் இரண்டு பிரதிகள் மேசையில் இருக்கின்றன. இஸட் புள்ளித் தாளையும் தேசிய அடையாள அட்டையையும் கொண்டு வந்தவர்கள் முதலில் வாருங்கள், தெரிவுகளை உங்களோடு உட்கார்ந்து பார்ப்போம்.