துணிக் கணக்கும் போர்க்கப்பலும்: பழவேற்காட்டு ஆளுநர் கொர்னேலிஸ் ஸ்பீல்மன்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குக் கிழக்கே, ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தில் அமைந்த பழவேற்காடு, இன்று மீன்பிடி ஊராகவும் பறவைகள் வந்து தங்கும் இடமாகவுமே பெரும்பாலும் அறியப்படுகிறது. ஆனால், 17ஆம் நூற்றாண்டில் ஆசியக் கடல்களெங்கும் விற்பனையான துணியின் தலைமை ஏற்றுமதி அலுவலகம் இங்கேதான் இருந்தது. அவ்வலுவலகத்தை 1663 முதல் 1665 வரை நடத்தியவரும், பின்னர் மக்காசார் போரில் கடற்படைக்குத் தலைமை தாங்கியவருமான கொர்னேலிஸ் ஸ்பீல்மனின் வாழ்க்கையே இச்சொற்பொழிவின் பொருள். வணிக நிர்வாகி, கடற்படைத் தளபதி என்ற அவருடைய இரு பணிகளும் வெவ்வேறானவை அல்ல என்பதும், துணி வாணிகத்தில் அவர் கற்றதே போரில் அவர் நாடியதைத் தீர்மானித்தது என்பதும் இங்கு நிறுவப்படும் கருத்தாகும்.

1602இல் பல வணிகக் குழுக்களை ஒன்றிணைத்து உருவாக்கப்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, பங்கு முதலீட்டில் இயங்கிய வணிக நிறுவனமாக இருந்தபோதிலும், கோட்டை கட்டவும் படை திரட்டவும் உடன்படிக்கை செய்யவும் தன் நாட்டு அரசிடமிருந்து உரிமை பெற்றிருந்தது. விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரின் இசைவுடன் 1610இல் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்த இக்கம்பெனி, மயிலாப்பூர் சாந்தோமில் இருந்த போர்த்துக்கீசியர் 1612இல் அதைத் தாக்கி அழித்ததையடுத்து, மறு ஆண்டே கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரையில் இருந்த தன் பண்டகசாலைகள் அனைத்துக்கும் அதைத் தலைமையிடமாக்கியது.

இந்தக் கரை கம்பெனிக்கு ஏன் இன்றியமையாததாயிற்று என்பதற்கு விடை, இன்றைய இந்தோனேசியாவின் கிழக்கிலுள்ள மலுக்குத் தீவுகளில் கிடைக்கிறது. கிராம்பும் சாதிக்காயும் விளைந்த அத்தீவுகளின் மக்கள் ஐரோப்பியச் சரக்கை அவ்வளவாக விரும்பவில்லை. அவர்கள் கேட்டதெல்லாம் அவுரியின் நீலமும் சாயவேரின் சிவப்பும் ஏறிய சோழமண்டலப் பருத்தித் துணியே. ஆகவே ஜப்பானியச் செம்பையும் பொன்னையும் கொண்டுவந்து இங்கே துணி வாங்குவதும், அத்துணியைக் கொடுத்து அங்கே நறுமணப் பொருள் வாங்குவதும் கம்பெனியின் வழக்கமாயின. கம்பெனி அதிகாரி ஹென்ட்ரிக் பிரவுவர் 1612இலேயே இக்கரையை மலுக்குத் தீவுகளின் இடக்கை என்று குறிப்பிட்டதன் காரணமும் இதுவே.

ராட்டர்டாம் நகரில் 1628 மார்ச் 2 அன்று பிறந்த ஸ்பீல்மன், 1645இல் கம்பெனியின் ஆசியத் தலைமையிடமான பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கீழ்நிலை எழுத்தராக வந்து சேர்ந்து, கணக்கர், இளநிலை வணிகர் எனப் படிப்படியாக உயர்ந்தார். 1651இல் பாரசீக அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவில் இடம்பெற்று, அப்பயணத்தை விரிவான நாட்குறிப்பாக எழுதினார். கண்டதையும் கேட்டதையும் கணக்கரின் நுணுக்கத்தோடு பதிவு செய்யும் பழக்கம் இறுதிவரை அவரிடம் நிலைத்தது.

1663இல் அவர் சோழமண்டல ஆளுநராகப் பழவேற்காட்டுக்கு வந்தபோது, சுற்றுவட்டாரம் கோல்கொண்டா சுல்தானின் ஆட்சியில் இருந்தது. பத்தாவியாவிலிருந்து எந்த வகைத் துணி எத்தனை உருப்படி வேண்டும் என்ற பட்டியல் வரும். ஆளுநர் உள்ளூர்ப் பெருவணிகரிடம் வராகனில் முன்பணம் கொடுப்பார். அது தலைமை நெசவாளர் வழியாக ஊர்களிலுள்ள தறிகளைச் சென்றடையும். திரும்பி வரும் துணி, மாதிரித் துணியோடு ஒப்பிடப்பட்டு, நீள அகலமும் நெசவின் நெருக்கமும் சாயத்தின் தரமும் சரிபார்க்கப்பட்டு, குறையுள்ளது கழிக்கப்படும். தேறியவை பொதிகளாகக் கட்டப்பட்டு, கயிற்றால் தைத்த மசூலா படகுகளில் அலைகளைக் கடந்து, ஆழ்கடலில் நங்கூரமிட்ட கப்பல்களுக்குச் செல்லும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இக்கரையில் கப்பல் நிறுத்த இயலாது என்பதால், முன்பணம் முதல் பொதி கட்டுவது வரை எல்லாம் காற்றின் கணக்குக்கு உட்பட்டே நடந்தன.

இம்முறையில் நெசவாளருக்கு ஒரு பலம் இருந்தது. ஆங்கிலேயர், டேனியர், போர்த்துக்கீசியர், மசூலிப்பட்டின முஸ்லிம் வணிகர் என வாங்குவோர் பலராக இருந்ததால், டச்சுக்காரர் விலையைக் குறைத்தால் துணி வேறு கைக்குப் போய்விடும். அவ்வாறு போன துணியில் ஒரு பகுதி, சுலாவேசித் தீவிலிருந்த மக்காசார் துறைமுகத்தில் இறங்கி, கம்பெனியின் தடையை மீறிக் கொண்டுவரப்பட்ட கிராம்புக்கு விலையாயிற்று. பழவேற்காட்டில் கொள்முதல் போட்டியாகத் தெரிந்ததும் மக்காசாரில் கள்ளவாணிகமாகத் தெரிந்ததும் ஒரே சரக்கின் இரு முனைகளே.

ஸ்பீல்மனின் ஆளுநர் பதவி குற்றச்சாட்டில் முடிந்தது. கம்பெனி ஊழியர் சொந்த வாணிகம் செய்யக்கூடாது என்ற விதியை மீறி அவர் வைரம் வாங்கி விற்றார் என்பது வழக்கு. மனைவிக்காக வாங்கிய வைரம் மனைவிக்குப் பிடிக்காததால் விற்றதாக அவர் கூறிய விளக்கம் ஏற்கப்படவில்லை. பதினைந்து மாதப் பதவி நீக்கமும் 3,000 கில்டர் அபராதமும் விதிக்கப்பட்டன.

ஆயினும் 1666 நவம்பரில், 21 கப்பல்கள் கொண்ட அணியின் தலைவராக அவரையே, அந்தக் கள்ளவாணிகத்தை அடக்க, பத்தாவியா மக்காசாருக்கு அனுப்பியது. கடற்போரையே தொழிலாகக் கொண்டிராத அந்த வணிகர், சுலாவேசியின் புகிஸ் இன இளவரசர் அருங் பலாக்காவின் துணையோடு மக்காசார் சுல்தான் ஹசானுதீனை எதிர்த்து வென்று, 1667 நவம்பர் 18 அன்று பொங்காயா உடன்படிக்கையில் கையொப்பம் பெற்றார். அதன்படி ஆங்கிலேயரும் போர்த்துக்கீசியரும் வெளியேற்றப்பட்டனர். இந்தியத் துணியையும் சீனச் சரக்கையும் அங்கே இறக்கும் உரிமை கம்பெனிக்கு மட்டுமே உரியதாயிற்று. தளபதி ஒருவர் கோட்டையோடும் கப்பத்தோடும் நிறைவடைந்திருக்கக்கூடும். துணியைப் பெயர் சொல்லிக் கேட்டது பழவேற்காட்டுப் பண்டகசாலையில் பெற்ற பட்டறிவு. மீண்டும் மூண்ட போர் 1669இல் சோம்பாஓபு கோட்டையின் வீழ்ச்சியோடு ஓய்ந்தபின், தமக்குப் பின் வருவோருக்காக அவர் எழுதிய நீண்ட குறிப்பேடு, மக்காசாரின் வாணிக உறவுகளை அறிய இன்றும் முதன்மைச் சான்றாக விளங்குகிறது.

பின்னர் ஜாவாவில் நடந்த போரிலும் தலைமை ஏற்று, 1681இல் தலைமை ஆளுநராகி, 1684 ஜனவரி 11 அன்று அவர் இறந்தார். அதன்பின் நடந்த விசாரணையில் பெரும் முறைகேடுகள் வெளிப்பட்டு, அவருடைய சொத்தில் ஒரு பகுதி பறிமுதலாயிற்று.

மக்காசார் அடைபட்டதால் சோழமண்டல நெசவு உடனே நலிந்தது என்று சொல்வது பொருந்தாது. சில ஆண்டுகளில் ஐரோப்பியச் சந்தை இத்துணிக்குப் பெருமளவில் திறந்தது. ஆயினும் சந்தையில் விலையால் வெல்ல முடியாததைக் கடலில் பீரங்கியால் வெல்லலாம் என்ற வழியை ஸ்பீல்மன் செய்து காட்டினார். திறமையான நிர்வாகி என்று அவரைப் போற்றுவோரும் இதை மறைக்க இயலாது. அவருடைய திறமையே அந்த வன்முறைக்குக் கருவியாயிற்று.

கெல்டிரியா கோட்டை இன்று முட்புதர் மூடிய மேடு. டச்சுக் கல்லறைகள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. சோழமண்டலத்து டச்சு ஆவணங்கள் பல சென்னை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றை மூலமொழியில் படிக்க வல்ல தமிழ் ஆய்வாளர் மிகச் சிலரே. ஆளுநர்களின் வாழ்க்கை எழுதப்பட்டுவிட்டது; அவர்களுக்குத் துணி நெய்து தந்தவர்களின் வாழ்க்கை எழுதப்பட வேண்டுமானால், இம்மாவட்டக் கல்லூரி மாணவர் சிலரேனும் பழைய டச்சு மொழியைக் கற்க முன்வர வேண்டும்; அதற்கான உதவித்தொகையை இப்பகுதித் தொழில் நிறுவனங்கள் வழங்க வேண்டும்.