கை உயர, இடுப்பு நிலைக்க

 

முப்பதாண்டுகளுக்கு மேலாகக் கரும்பலகையின் மேல்விளிம்பு வரை எழுதிய கை என்னுடையது. பணி ஓய்வு பெற்றபின் ஒருநாள், ஜினாலயத்தில் அபிடேகக் குடத்தை உயர்த்தியபோது அக்கை காதளவில் நின்றுவிட்டது. கீழ்முதுகை வளைத்து ஒருவாறு நீரைச் சொரிந்தேன். அன்றிரவு வலித்தது தோளன்று, கீழ்முதுகு. இப்புதிரை விடுவித்தவர் இயன்முறை மருத்துவர் ஒருவர்.

கையை உயர்த்துவது தோள்மூட்டு தனித்துச் செய்யும் தொழிலன்று. ஏறத்தாழ 180 பாகை உயர்வில் மூன்றில் இரு பங்கே அதனுடையது. எஞ்சியது தோள்பட்டை எலும்பு சுழல்வதால் வருவது. மேல்முதுகு கூனினால் அவ்வெலும்பு நன்கு சுழலாது. அக்குறையைக் கீழ்முதுகு சுமக்கிறது. இடுப்பின் பக்கத்தசையும் அத்தகையதே. நடக்கும் ஒவ்வோர் அடியிலும் ஒரு கணம் ஒற்றைக்காலில் நிற்கிறோம். அத்தசை தளர்ந்தால் இடுப்பு மறுபுறம் சாயும்; நடை தள்ளாடும்.

பயிற்சிகள் நான்கு. ஒன்று: சுவரில் முதுகு பொருந்த, பாதங்களை அரையடி முன்வைத்து நின்று, கைகளை முன்வழியாக மெல்ல உயர்த்துக. கீழ்முதுகு சுவரைவிட்டு விலகத் தொடங்கும் இடமே அன்றைய எல்லை. இரண்டு: சுவரை நோக்கி நின்று, விரல்களால் மேலே ஏறி இறங்குக. மூன்று: நாற்காலியிலிருந்து கையூன்றாது எழுந்து, மெல்ல அமர்க, முழங்கால்கள் உள்நோக்கிச் சாயலாகாது. நான்கு: நாற்காலியின் முதுகைப் பற்றி நின்று, ஒரு காலைப் பக்கவாட்டில் சிறிதே உயர்த்தி இறக்குக, பின் மறுகால். உடல் சாயாதிருத்தலே இதன் பயன். ஒவ்வொன்றும் பத்து முறை போதும். மூச்சை அடக்க வேண்டா. கூரிய வலியோ தலைச்சுற்றலோ தோன்றின் நிறுத்துக. மூட்டு மாற்றிக்கொண்டோரும் எலும்பு நலிந்தோரும் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குக.

ஆறு திங்கள் கழிந்தன. என் கை முன்போல் முழுதும் உயரவில்லை, மறையாமல் கூறுகிறேன். ஆயினும் தலைக்கு மேல் ஒரு சாண் உயர்கிறது, முதுகு வலிப்பதில்லை.

“தரையில் அமர்ந்தால் எழ இயலாதே” என்று நாணி, விழாவுக்கு வாராது இல்லத்திலேயே தங்கிவிட்ட முதியோர் நம்மிடையே உளர். இளையோரே! அவர்களுக்குக் கைகொடுத்துத் தூக்கிவிடுவதோடு அமையாது, நாள்தோறும் பத்து நிமிடம் அந்நாற்காலியருகே துணைநில்லுங்கள். அடுத்த ஆண்டு இவ்வவையில் அவர்களையும் காண்போம்.