காய்ச்சல் விட்டது, களைப்பு விடவில்லை



பினாங்கில் டத்தோ கிராமாட் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் நாங்கள் குடியிருக்கிறோம். பெரியாஸ்பத்திரி அங்கிருந்து அதிகத் தூரமில்லை. ஆகையால், கெடாவிலும் செபராங் பிறையிலும் தோட்டங்களில் இருக்கும் எங்கள் உறவினர்கள் வைத்தியத்துக்கு வந்தால் எங்கள் வீட்டில் தங்கிப் போவது வழக்கம். அப்படி வந்தவர்களில் ஒருவன் எங்கள் அக்காள் மகன். பால்மரம் வெட்டுகிற பிள்ளை. டெங்கிக் காய்ச்சல் கண்டு ஐந்து நாள் படுக்கையில் கிடந்து, பிழைத்து எழுந்தான். காய்ச்சல் விட்டது, ரத்தம் சோதித்தார்கள், வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். எல்லோருக்கும் மகிழ்ச்சி.

நாலாம் நாள் விடியற்காலையில் பெரட்டுக்குப் போய் நின்றுவிட்டான். நாள் கூலிக்காரன் வீட்டில் எத்தனை நாள் படுத்திருப்பது? ஐந்நூறு மரம் வெட்டுகிறவன், நூறாவது மரத்தருகே உளியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். எப்படியோ வீடு வந்து சேர்ந்தான். மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை; அதற்கு மறுநாளும் முடியவில்லை. லயத்தில் பேச்சுக் கிளம்பியது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, சோறு தின்கிறான், வேலைக்கு மட்டும் போகமாட்டேன் என்கிறானே என்றார்கள். அக்காள் திருஷ்டி கழித்துப் பார்த்துவிட்டு, அவனை மறுபடியும் எங்களிடமே அழைத்து வந்துவிட்டார்.

அந்தப் பிள்ளை சோம்பேறியும் அல்லன். அவனை எந்தக் கண்ணும் படவும் இல்லை. கிருமிக் காய்ச்சல்கள் பலவற்றுக்குப் பின்னால் வருகிற களைப்பு அது. டெங்கிக்குப் பின் வரும், சிக்குன்குன்யாவுக்குப் பின் வரும், சளிக்காய்ச்சலுக்குப் பின்னும் வரும். 2020-இல் உலகத்தையே வீட்டுக்குள் பூட்டி வைத்த கோவிட் நோய்க்குப் பின் அது பல லட்சம் பேரை வாட்டியது. 2021 அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனம் அதற்கென ஓர் இலக்கணமே வகுத்தது.

பினாங்குக்காரர்களாகிய நமக்கு டெங்கி பழைய விருந்தாளி. 1902-லேயே ஸ்கே என்ற மருத்துவர் பினாங்கில் கண்ட டெங்கியைப் பற்றி பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். ரத்தக்கசிவோடு வரும் கடுமையான டெங்கி இந்த நாட்டில் முதன்முதலாகப் பரவியதும் 1962-இல் இதே பினாங்கில்தான். 2019-இல் மலேசியா முழுவதும் 1 லட்சத்து 30 ஆயிரம் பேருக்கு மேல் இந்நோய் கண்டது. ஒவ்வொருவரும் காய்ச்சலோடு எத்தனை நாள் இருந்தார் என்பதற்குக் கணக்கு உண்டு. காய்ச்சல் விட்ட பிறகு எத்தனை வாரம் கால் இழுத்து நடந்தார் என்பதை யார் கணக்கெடுத்தார்கள்?

ஒன்றை முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். டெங்கியில் காய்ச்சல் இறங்குகிற ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தான நாள். அப்போது வயிற்றில் கடும் வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், மூச்சுத் திணறல், மயக்கம் இவற்றில் எது கண்டாலும் அது களைப்பு அல்ல. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பப்பாளி இலைச்சாறு கொடுத்துவிட்டு வீட்டில் காத்திருக்கக் கூடாது. நாங்கள் பேசுகிற களைப்பு அந்தக் கட்டம் கடந்த பிறகு வருவது.

உடம்பு ஏன் இப்படிச் சோர்கிறது? கிருமியோடு போராடிய உடம்பின் காவற்படை, சண்டை முடிந்ததும் உடனே கலைந்து போவதில்லை. அது விழித்திருக்கும் வரைக்கும் அசதியும் உடம்பு வலியும் இருக்கும். படுத்தே கிடந்ததில் தசை வற்றிப் போகிறது. வாய் கசந்து சரியாகச் சாப்பிடாததால் சத்தும் குறைகிறது. இவை மூன்றும் சேர்ந்தால், வாளி தூக்குவது இருக்கட்டும், தலை வாருவதே பெரிய வேலையாகிவிடும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இது தானாகத் தீரும். சிலருக்கு மாதக் கணக்கில் நீடிக்கும்.

படித்தவர்கள் நடுவிலும் இதை நம்பாதவர்கள் இருந்தார்கள். 1955-இல் லண்டன் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில் ஏறக்குறைய 300 ஊழியர்கள் ஒரு விசித்திர நோயில் விழுந்தார்கள். அவர்களில் பலர் தாதிகள், மருத்துவர்கள். ஆஸ்பத்திரியையே சில மாதம் மூட நேர்ந்தது. பலருக்குச் சோர்வு நெடுநாள் நீடித்தது. 15 ஆண்டு கழித்து, 1970-இல், இரண்டு மருத்துவர்கள் ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அது மனத்தின் கோளாறு என்று எழுதிவிட்டார்கள். மருத்துவர்களுக்கே அந்தப் பேச்சு என்றால், லயத்துப் பிள்ளைக்குச் சோம்பேறிப் பட்டம் கிடைத்ததில் வியப்பில்லை.

இந்தக் களைப்பில் ஒரு சூது இருக்கிறது. வேலை செய்கிற அன்றைக்கு அது காட்டிக்கொள்ளாது. இன்று தெம்பாக இருக்கிறதே என்று துணி எல்லாம் துவைத்து, வீடு கழுவி, கடைக்கும் போய் வந்தால், மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ ஆளைக் கிடத்திவிடும். தோட்டத்துக் கடையில் 555 புத்தகத்தில் கடன் எழுதுகிறோம் அல்லவா? பொருள் வாங்கும்போது கனம் தெரியாது; சம்பள நாளில்தான் தெரியும். உடம்பும் அப்படித்தான் கணக்கு வைக்கிறது, வட்டியோடு.

ஆகவே எங்கள் மருமகனுக்கு ஒரு புதிய 555 புத்தகமே வாங்கிக் கொடுத்தோம். காலையில் என்ன செய்தான், மாலையில் எப்படி இருந்தது, மறுநாள் எப்படி இருந்தது என்று எழுதச் சொன்னோம். ஒரு வாரத்தில் அவனுக்கே விளங்கிவிட்டது. கால் மணி நேரம் நடந்தால் மறுநாள் சுகமாக இருக்கிறது, அரை மணி நேரம் நடந்தால் படுக்கைதான். பாடாங் பிரவுன் திடல் வரை போய், அங்கே உட்கார்ந்து இளைப்பாறித் திரும்புவது என்று வைத்துக்கொண்டான். மறுநாள் சோர்வு இல்லாவிட்டால் மட்டும் அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டினான்; சோர்வு கண்டால் குறைத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் கூட்டிக்கொண்டே போ என்கிற பழைய யோசனையை இங்கிலாந்தில் 2021-இல் வெளியான மருத்துவ வழிகாட்டியே நெடுநாள் களைப்பு நோயாளிகளுக்கு வேண்டாம் என்று கைவிட்டுவிட்டது.

களைத்த பிறகு ஓய்வு எடுப்பதைவிடக் களைக்கும் முன்பே ஓய்வு எடுப்பது மேல். இதைச் சொல்லும்போது எங்களுக்கு நினைவு வருவது தாய்மார்கள்தாம். ஆண்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பாய் போட்டுக் கொடுக்கிறோம். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால், விட்ட அன்றைக்கே அடுப்படியில் நிற்கிறார். நாற்காலி போட்டு உட்கார்ந்தபடி கறிகாய் நறுக்கலாம். ஒரே வேளையில் சமைத்து இரு வேளைக்கு வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் தூக்குவதையும் துணி பிழிவதையும் பிள்ளைகளும் வீட்டுக்காரரும் ஏற்றுக்கொள்ளலாம். கை ஒன்றும் தேய்ந்துவிடாது.

சாப்பாட்டில் பெரிய இரகசியம் எதுவும் இல்லை. முட்டை, பருப்பு, நெத்திலி, முருங்கைக்கீரை, பழம், போதிய தண்ணீர். பசியில்லாவிட்டால் கஞ்சியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை. தெம்பு ஊசி போட்டுக்கொண்டால் நாளைக்கே வேலைக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் பணத்தைப் பத்திரமாக மடியில் வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு வலிக்குச் சம்சு மருந்து என்பவர்களிடம் எங்களுக்குப் பேச்சே இல்லை. டெங்கியில் ஈரலும் அடிபட்டிருக்கும், அதன்மேல் சாராயத்தை ஊற்றுவதா?

எல்லாக் களைப்பையும் காய்ச்சலின் தலையில் போட்டுவிடவும் கூடாது. ரத்தசோகை, இனிப்புநீர், தைராய்டு, காசநோய் எல்லாம் களைப்பாகவே தொடங்கும். சில வாரமாகியும் தேறாவிட்டால் கிளினிக்கில் ரத்தம் சோதிக்கக் கேளுங்கள். நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சு வாங்கல், எடை இறக்கம், அல்லது வாழ்ந்தென்ன பயன் என்கிற எண்ணம் வந்தால் நாள் பார்க்கவே வேண்டாம்.

கூலி போகிறதே என்பீர்கள். அதுதான் எல்லாவற்றிலும் பெரிய தொல்லை என்பது எங்களுக்கும் தெரியும். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளத்தோடு நோய்விடுப்பு ஆண்டுக்கு 14 நாள் உண்டு. இரண்டாண்டு வேலை செய்தவருக்கு 18 நாள், ஐந்தாண்டானால் 22 நாள். ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் அதற்கு 60 நாள் வரை உண்டு. 2023 சனவரியில் நடப்புக்கு வந்த திருத்தம் இதைத் தனிக்கணக்காக்கியது. டாக்டரிடம் எம்.சி. வாங்கி, 48 மணி நேரத்துக்குள் கிராணியிடம் தெரிவித்துவிட வேண்டும். அது தவறினால் விடுப்பு, வராத நாளாகிவிடும். தகராறு வந்தால் தொழிற்சங்கக் கிளையிடமோ தொழிலாளர் இலாகாவிடமோ போகலாம். எம்.சி. தருகிற டாக்டரிடம் 'காய்ச்சல் இருந்தது' என்று மட்டும் சொல்லாமல், எத்தனை தூரம் நடந்தால் மறுநாள் படுக்கை என்பதையும் சொல்லுங்கள். எங்கள் மருமகன் அந்த 555 புத்தகத்தையே எடுத்து நீட்டினான். டாக்டர் நாலு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, இலேசான வேலை கொடுக்கும்படி ஒரு கடிதம் எழுதினார்.

அதைப் பார்த்த மண்டோர் முதலில் முணுமுணுத்தார். பிறகு இரண்டு வாரத்துக்கு ஸ்டோரில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தார். அப்புறம் பாதி மரம். காய்ச்சல் விட்ட ஒன்பதாவது வாரம் அவன் ஐந்நூறு மரமும் வெட்டிவிட்டு வந்து, புத்தகத்தில் எழுதினான். மறுநாள் காலை அதற்குக் கீழே 'எழுந்தேன், பசியாறினேன், வேலைக்குப் போனேன்' என்று எழுதியிருந்தது.