ஆடி முடித்தவர் திடலுக்குத் திரும்ப வேண்டும்



ஆடுகிறவர் பெரியவரா, ஆடக் கற்றுக்கொடுப்பவர் பெரியவரா? இதுதான் இன்றைய கேள்வி. கிண்ணத்தைக் கையில் ஏந்துபவருக்குத்தான் கைதட்டல், பயிற்றுநரை யார் நினைக்கிறார்கள் என்று எதிரணி நண்பர் கேட்டார். ஆடத் தெரியாதவர்தான் பயிற்சி கொடுக்க வருவார் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார். அவையும் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு குடும்பத்தின் கதையைக் கேளுங்கள்.

கதை டென்னிஸ் ஆட்டத்தைப் பற்றியது. டென்னிஸ் என்றதும் தோட்டத்துப் பெரியவர்களுக்கு அந்தக் காலத்துத் துரைமார்களின் கிளப்புதான் நினைவுக்கு வரும். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைப் பந்து, வேலிக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிக் கொடுத்த நம் பிள்ளைகள். காற்பந்து நம்முடையது, டென்னிஸ் அவர்களுடையது என்று மனத்தில் ஒரு கோடு விழுந்துவிட்டது. அந்தக் கோட்டைத் தாண்டிப் போன தமிழர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தாண்ட வைத்தவர் யார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

தந்தை ஆசிரியர், மகன் மாணவன்

டி.கே. ராமநாதன் என்று ஒருவர் இருந்தார். அவரும் டென்னிஸ் ஆடியவர்தான். ஆனால் விம்பள்டன் வெற்றியாளர் பட்டியலில் அவர் பெயரைத் தேடினால் கிடைக்காது. அவருக்கு 1937ஆம் ஆண்டு நாகர்கோவிலில் ஒரு மகன் பிறந்தான். அந்தப் பிள்ளைக்குத் தாமே ஆசிரியராக நின்று பயிற்சி கொடுத்தார். அந்த மகன்தான் ராமநாதன் கிருஷ்ணன்.

1954இல் விம்பள்டன் இளையோர் பட்டத்தை வென்றார் கிருஷ்ணன். ஆசியாவிலிருந்து போய் அந்தப் பட்டத்தை வென்ற முதல் பிள்ளை அவர்தான். வயது பதினேழு. அதன் பிறகு 1960இலும் 1961இலும் அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் விம்பள்டன் ஒற்றையர் அரையிறுதி வரை சென்றார். 1961 கால் இறுதியில் அவரிடம் தோற்றவர் யார் தெரியுமா? பின்னாளில் உலகமே கொண்டாடிய ஆஸ்திரேலியர் ராய் எமர்சன். அரையிறுதிகளில் கிருஷ்ணனை வென்றவர்கள் நீல் ஃபிரேசரும் ராட் லேவரும். இருவருமே அந்தந்த ஆண்டின் விம்பள்டன் வெற்றியாளர்கள். அதாவது, அந்த ஆண்டுகளில் பட்டத்தை வெல்லப் போகிறவரால்தான் அவரைத் தோற்கடிக்க முடிந்தது.

1966இல் கல்கத்தாவில் பிரேசிலுக்கு எதிரான டேவிஸ் கிண்ண ஆட்டம். இரு நாடுகளும் இரண்டுக்கு இரண்டு என்று சமநிலை. கடைசி ஆட்டத்தில் கிருஷ்ணன், தாமஸ் கோச்சை எதிர்கொள்கிறார். மூன்று செட்டுகள் முடிந்தபோது இரண்டு கோச்சின் கையில். நான்காவது செட்டிலும் கோச் ஐந்துக்கு இரண்டு என்று முன்னணியில் இருக்கிறார். இன்னும் ஒரே ஒரு கேம் எடுத்தால் எல்லாம் முடிந்தது. அரங்கில் இருந்தவர்கள் எழுந்து போகத் தயாராகியிருப்பார்கள். கிருஷ்ணன் எழுந்து போகவில்லை. அந்தச் செட்டை ஏழுக்கு ஐந்து என்றும், அடுத்த செட்டை ஆறுக்கு இரண்டு என்றும் வென்றார். இந்தியா முதன்முறையாக டேவிஸ் கிண்ணத்தின் இறுதிச் சுற்றுக்குப் போனது. மெல்பர்னில் ஆஸ்திரேலியா வென்றது. ஆனாலும் நியூகோம்பும் ரோச்சும் ஆடிய இரட்டையர் ஆட்டத்தில் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் அவர்களை வென்று காட்டினார்கள்.

தோற்கும் நிலையில் கை நடுங்காமல் ஆடும் அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? ஒரே நாளில் வந்ததா? சிறு வயதிலிருந்து தினமும் பக்கத்தில் நின்று, ‘இன்னொரு முறை அடி’ என்று சொன்ன தந்தையிடமிருந்து வந்தது.

மூன்றாவது தலைமுறை

கதை அத்தோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. ஏனென்றால் கிருஷ்ணனும் தம் தந்தை செய்ததையே செய்தார். 1961இல் பிறந்த தம் மகன் ரமேஷுக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார். தந்தை வென்று இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1979இல், ரமேஷ் கிருஷ்ணன் அதே விம்பள்டன் இளையோர் பட்டத்தை வென்றார். பிரெஞ்சு இளையோர் பட்டமும் அதே ஆண்டில் அவருக்கே கிடைத்தது.

ரமேஷிடம் ஒரு குறை உண்டு. அவருடைய சர்வீஸில் வேகம் போதாது. அவர் ஆடிய காலத்தில் எதிரே நின்றவர்கள் ஆறடிக்கு மேல் வளர்ந்து, பந்தைக் குண்டு மாதிரி போட்டார்கள். இவரோ பந்தைத் தடவிக் கொடுப்பது போல ஆடுவார். அந்தக் கையை வைத்துக்கொண்டு விம்பள்டனில் ஒரு முறையும், அமெரிக்கப் பொது விருதுப் போட்டியில் இரண்டு முறையும் கால் இறுதிக்குப் போனார். 1985இல் உலகத் தர வரிசையில் 23ஆம் இடத்தைப் பிடித்தார். 1987இல் சிட்னியில் நடந்த டேவிஸ் கிண்ண அரையிறுதியில் கடைசி ஆட்டத்தில் வாலி மசூரை வென்று இந்தியாவை இறுதிக்குக் கொண்டு சென்றவர் அவர். 1989 ஆஸ்திரேலியப் பொது விருதுப் போட்டியில், அப்போது உலகின் முதல்நிலை ஆட்டக்காரராக இருந்த மாட்ஸ் விலாண்டரைத் தோற்கடித்தார்.

பலம் குறைந்தவன் அறிவால் வெல்ல முடியும் என்பதை ஒரு பிள்ளைக்கு யார் சொல்லித் தருவார்? தாமும் அந்த வழியில் நடந்த ஒருவர்தான் சொல்லித் தர முடியும்.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கை நினைத்துப் பாருங்கள். ரமேஷுக்கு வயது 31. ஆட்ட வாழ்க்கையின் கடைசிக் கட்டம். இரட்டையர் ஆட்டத்தில் அவருக்குத் துணையாக நின்றவர் 19 வயது லியாண்டர் பயஸ். மூத்தவரும் இளையவருமாகச் சேர்ந்து கால் இறுதி வரை போனார்கள். அடுத்த ஆண்டு ரமேஷ் ஓய்வு பெற்றார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1996இல், அட்லாண்டாவில் அதே பயஸ் ஒற்றையர் பிரிவில் வெண்கலப் பதக்கம் வாங்கினார். பதக்கம் பயஸுடையதுதான். அவர் வியர்வைக்குக் கிடைத்தது. ஆனால் முதல் ஒலிம்பிக் போட்டியில் பக்கத்தில் ஓர் அனுபவசாலி நின்றது ஓர் இளைஞனுக்கு எத்தனை பெரிய தைரியம்!

ஓய்வு பெற்ற ரமேஷ் சும்மா இருக்கவில்லை. 1995இல் தந்தையும் மகனும் சேர்ந்து சென்னையில் டென்னிஸ் பயிற்சி மையம் தொடங்கினார்கள். அதுவரை வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லித் தந்ததை ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரத் தொடங்கினார்கள். அந்தக் குடும்பம் செய்த பெரிய காரியம் அதுதான்.

தன் பெயரில் ஒன்று, மாணவன் பெயரில் ஆறு

தமிழரை விட்டு ஸ்பெயினுக்குப் போவோம். ஹுவான் கார்லோஸ் ஃபெரெரோ என்பவர் 2003இல் பிரெஞ்சுப் பொது விருதை வென்றார். அதே ஆண்டில் உலகின் முதல்நிலை ஆட்டக்காரரானார். அதன் பிறகு காயமும் நோயும் துரத்தின. இன்னொரு கிராண்ட் ஸ்லாம் பட்டம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. 2012இல் ஓய்வு பெற்றார்.

ஓய்வுக்குப் பிறகு அவர் மனம் வைத்த இடம் எது தெரியுமா? மாட்ரிட்டும் அல்ல, பார்சிலோனாவும் அல்ல. வீலேனா என்ற சிற்றூர். சிறு பிள்ளையாக இருந்தபோது அவரே பயிற்சி பெற்ற இடம் அது. 2018இல் கார்லோஸ் அல்கராஸ் என்ற பதினைந்து வயதுச் சிறுவனுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். நான்கே ஆண்டுகளில், 2022இல், அந்தப் பிள்ளை அமெரிக்கப் பொது விருதை வென்று பத்தொன்பது வயதில் உலகின் முதல்நிலை ஆட்டக்காரரானான். 2025 இறுதியில் ஆசிரியரும் மாணவரும் பிரிந்தபோது அல்கராஸிடம் ஆறு கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் இருந்தன. ஆசிரியரிடம் இருந்தது ஒன்றே ஒன்று. எதிரணி நண்பரே, இப்போது சொல்லுங்கள், ஆடத் தெரியாதவரா பயிற்சி கொடுக்க வந்தார்?

அவ்வளவு தூரம் போவானேன்? நம் மலேசியாவிலேயே கே. ராஜகோபால் இருக்கிறார். சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் காற்பந்து ஆடியவர். 2009இல் லாவோஸ் சீ விளையாட்டுப் போட்டியில், இருபது ஆண்டுகளாகக் கைக்கு எட்டாமல் இருந்த தங்கத்தை மலேசியா வென்றபோது பயிற்றுநர் அவர்தான். 2010இல் புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை மூன்றுக்குச் சுழியம் என்று வீழ்த்தி, ஜகார்த்தாவில் சுசுகி கிண்ணத்தைக் கைப்பற்றியபோதும் அவர்தான்.

கோலா தெர்லாவில் என்ன குறை?

இப்போது நம் ஊருக்கு வருவோம். கோலா தெர்லா மலை ஊர். சரிவெல்லாம் தேயிலையும் காய்கறித் தோட்டமும். இங்கே சமதரை கிடைப்பதே அரிது. மழை வந்தால் திடல் சேறாகிவிடும். இருந்தும் மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கிய பிள்ளைகளின் காலில் வலுவுக்குக் குறைவில்லை. மூச்சுக்கும் குறைவில்லை. திறமைக்கும் குறைவில்லை.

குறை எங்கே? பதின்மூன்று வயதில் நன்றாக ஓடும் ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். பள்ளி விளையாட்டுப் போட்டியில் முதல் பரிசு. அம்மா அந்தக் கிண்ணத்தைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைக்கிறார். அடுத்த ஆண்டு? அதற்கடுத்த ஆண்டு? பதின்மூன்றிலிருந்து பதினேழு வரை அந்தப் பிள்ளையோடு நிற்பதற்கு ஆள் இல்லை. பதினேழு வயதில் அவன் காய்கறிப் பெட்டி ஏற்றும் லாரியில் நிற்கிறான். உழைப்பில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் அவனால் எவ்வளவு தூரம் ஓட முடியும் என்பது அவனுக்கே தெரியாமல் போய்விட்டதே, அதுதான் வேதனை.

தேயிலையோடு வாழ்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். தேயிலையை அதன் போக்கில் விட்டால் மரமாக வளர்ந்து போகும். கொழுந்து கைக்கு எட்டாது. காலம் பார்த்துக் கவாத்து வெட்டி, பதமாகக் கொழுந்து கிள்ளுவதால்தான் செடி செடியாக நின்று பலன் தருகிறது. பிள்ளையின் திறமையும் அப்படித்தான். அதைப் பதம் பார்க்கத் தெரிந்த கை வேண்டும்.

அந்தக் கை வெளியூரிலிருந்துதான் வர வேண்டுமா? தோட்டத்துக் குழுவில் ஆடிய அண்ணன்மார்களும் மாமாமார்களும் இந்த அவையிலேயே அமர்ந்திருக்கலாம். ‘அந்தக் காலத்தில் நான் அடித்த கோல்’ என்று காப்பிக் கடையில் பேசும் பேச்சில் பாதி நேரத்தைத் திடலில் செலவிட்டால் போதும். வாரத்துக்கு இரண்டு மாலை. ஒரு விசில், இரண்டு பந்து. பந்தை எப்படி நிறுத்துவது, தோற்றால் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது என்று சொல்லிக் கொடுங்கள். பாடத்தைக் கெடுக்காமல், இருட்டுவதற்குள் வீட்டுக்கு அனுப்புங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எல்லாப் பிள்ளைகளும் விம்பள்டன் போகப் போவதில்லை. ராமநாதன் கிருஷ்ணனே அங்கே ஒற்றையர் பட்டம் வென்றதில்லை. இருந்தும் அவர் பெயர் நிலைத்திருக்கிறது. ஒழுங்காக எழுந்து, உடம்பைப் பேணி, தோல்வியைத் தாங்கக் கற்ற பிள்ளை எந்த வேலைக்குப் போனாலும் உருப்படும்.

ஆடுகிறவரின் காலம் பதினைந்து ஆண்டு, மிஞ்சினால் இருபது ஆண்டு. கற்றுக்கொடுப்பவரின் காலத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. தாத்தா போட்ட விதை பேரன் வரை வந்ததைப் பார்த்தோம். ஆகவே, நடுவர் அவர்களே, ஆடுகிறவரை வாழ்த்துவோம். ஆனால் ஆட வைப்பவரே பெரியவர் என்று தீர்ப்புச் சொல்லுங்கள். அந்தத் தீர்ப்பைக் கேட்டு இந்த ஊரில் ஒரே ஒருவர் நாளை மாலை விசிலை எடுத்துக்கொண்டு திடலுக்குப் போனாலும் இன்றைய அரங்கம் வீண் போகாது.